தோணியில் இவர் எழும்பி நின்ற நாள்

தோணி மூன்றாவது தடவையாகவும் வட்டமடித்தது.

முன்னுக்கு இவர், பின்னுக்கு நான். இரண்டு பேரும் செம்மஞ்சள் லைஃப் ஜக்கெற்றுக்குள் கழுத்துவரை புதைந்திருந்தோம். என்னுடையது ஒரு சைஸ் சிறியது. மூச்சை உள்ளே இழுத்தால் திரும்ப வெளியே விட வழியில்லை. ஆடி மாதத்து வெயில். ஏரித் தண்ணீர் வெறும் தேநீர் நிறம். துடுப்பில் இருந்து வழிந்த தண்ணீர் முழங்கை வழியே சட்டைக் கைக்குள் போய், எங்கெல்லாமோ சுற்றி, கடைசியில் இடுப்பில் வந்து நின்றது.

"ஜெசி, நீர் பின்னாலை என்ன செய்யிறீர்?"

"துடுப்பு வலிக்கிறன். நீங்கள் என்ன செய்யிறியள்?"

"நான் நேராத்தான் வலிக்கிறன். நீர்தான் தோணியைத் திருப்புறீர்."

"எனக்குத் திருப்பத் தெரிஞ்சால் கரைக்கெல்லோ திருப்பியிருப்பன்!"

என் கணவர் அன்ரன் தீவுப் பகுதி ஆள். "நான் கடல் பாத்து வளந்தவன்" என்பது அவர் வாயில் இருந்து கிழமைக்கு இரண்டு தடவையாவது வரும் வசனம். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் கடலைப் பார்த்துத்தான் வளர்ந்தார். மாமா, இவருடைய அப்பா, தபால் கந்தோரில் வேலை செய்தவர். கந்தோர் யன்னலைத் திறந்தால் கடல் தெரியும். இவருக்கும் கடலுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். கலியாணம் முடித்து இருபது வருடத்துக்குப் பிறகு, கனடாவில், ஏரி நடுவில் வைத்துத்தான் எனக்கு இது முழுதாக விளங்கியது.

கரையில் ஒரு மரக்குற்றியில் எங்கள் மகள் ஷெரின் இருந்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. முழங்காலில் நாடியை ஊன்றி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் எங்களுக்கு வழி சொல்ல வேண்டும், நாங்கள் அவள் சொன்னபடி செய்ய வேண்டும். அதுதான் அன்றைய பயிற்சி. பெற்றோர் ஒன்றும் சொல்லித்தரக் கூடாது, பிள்ளை சொல்வதைக் கேட்க மட்டும்தான் வேண்டும்.

ஆனால் ஷெரின் வாயைத் திறக்கவில்லை. பனிக்காலம் முடிய முந்தியே அவள் தகப்பனோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். நாலு மாதமாக ஒரு சொல் இல்லை.

தோணி நாலாவது வட்டத்தைத் தொடங்கியது.

பஸ் கதை

கதையை இந்த இடத்தில் நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதையெல்லாம் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஷெரின் இப்போது விட்பியில் கட்டுகிற புது வீடுகளுக்கு மின்சார வயர் இழுக்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் எடுத்து, எழுதியதை வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் யாரோ ட்ரில் பண்ணுகிற சத்தம்.

"அம்மா, பஸ் கதையையும் எழுதுங்கோ. அது இல்லாட்டி நான் சும்மா ஒரு குழப்படிக்காரி மாதிரியெல்லோ இருப்பன்."

சரி, பஸ் கதை.

நாங்கள் இருப்பது ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பகுதியில். பதினோராம் வகுப்பில் ஷெரின் காலை ஏழரைக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போவாள். பின்னேரம் நாலு மணிக்கு வருவாள். "ஸ்கூல் எப்பிடி?" என்று கேட்டால் "ஓகே" என்பாள். எனக்கும் அது ஓகேதான். நான் முதியோர் இல்லமொன்றின் குசினியில் வேலை. இவர் மிசிசாகாவில், விமான நிலையத்துப் பக்கம், சரக்கு ஏற்றுகிற வேலை. இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தால் காலை நீட்ட மட்டும்தான் தெம்பிருக்கும்.

ஒரு நாள் என்னோடு வேலை செய்கிற பிலிப்பீன்ஸ் பெண், மரக்கறி வெட்டிக்கொண்டே கேட்டாள்: "உன்ரை மகள் எங்கை வேலை செய்யிறா? ஒவ்வொரு நாளும் என்ரை பஸ்ஸிலைதான் வாறா. நல்ல அமைதியான பிள்ளை."

வேலையா? எந்தப் பஸ்?

விசாரித்துப் பார்த்தால், எங்கள் மகள் இரண்டு மாதமாகப் பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. லோறன்ஸ் வீதி பஸ்ஸில் ஏறி, ஒரு அந்தத்தில் இருந்து மற்ற அந்தம்வரை போவாள். இறங்கி, வீதியைக் கடந்து, திரும்ப ஏறுவாள். நாள் முழுக்க இதுதான். பள்ளிக்கூடத்துக்காரர் பேசாமல் இருந்தார்களா என்று கேட்பீர்கள். பிள்ளை வராவிட்டால் வீட்டுக்குப் போன் அடிக்கிற மெஷின் ஒன்று அவர்களிடம் இருக்கிறது. ஷெரின் எங்கள் நம்பரை எடுத்துவிட்டுத் தன்னுடைய நம்பரைப் போட்டிருந்தாள். அதனால் அவள் பள்ளிக்கு வரவில்லை என்ற செய்தி தினமும் தவறாமல் அவளுக்கே போய்க்கொண்டிருந்தது.

இப்போது சிரிக்கலாம். அன்று யாரும் சிரிக்கவில்லை. இவர் கத்தினார். நான் அழுதேன். அவள் போனைப் பறித்தோம். அடுத்த நாள் அவள் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. அந்த இரண்டு நாளும் நாங்கள் காரில் ஸ்காபரோ முழுக்கச் சுற்றினோம். ஒவ்வொரு பஸ் தரிப்பிலும் நிற்கிற பெண் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தோம்.

மூன்றாம் நாள் அவள் தானாகவே வந்தாள். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். இவர் கீழே போய் ஸ்குரூட்றைவர் எடுத்து வந்தார். கதவின் பிணைச்சல்களைக் கழற்றினார். கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கராஜில் சாத்தி வைத்தார்.

"இனி இந்த வீட்டிலை மறைக்கிறதுக்கு ஒண்டுமில்லை" என்றார்.

அன்றைக்குத்தான் ஷெரின் அவரோடு கதைப்பதை நிறுத்தியது. அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் நான் மொழிபெயர்ப்பாளர். "அம்மா, அப்பாட்டை உப்பைத் தரச் சொல்லுங்கோ." உப்பு அவருக்கு முன்னாலேயே இருக்கும். நான் சொல்வேன், அவர் தருவார், நான் வாங்கிக் கொடுப்பேன்.

அங்கை பேரன்ஸ் வருவினமோ?

சமூக சுகாதார நிலையத்தில் ஒரு ஆலோசகரிடம் போனோம். அவர் மூன்று துண்டுப் பிரசுரங்களை மேசையில் பரப்பினார். ஒன்றில் ஏரியும் தோணியும் இருந்தன. தடுமாறி நிற்கிற பிள்ளைகளை மூன்று கிழமைக்கு மேல் காட்டுக்குக் கூட்டிப் போய், நடக்க வைத்து, தோணி ஓட வைத்து, சமைக்க வைத்து, இடையிடையே கதைக்கவும் வைக்கிற ஒரு திட்டம்.

ஷெரின் தோணிப் படத்தில் விரலை வைத்தாள்.

"அங்கை பேரன்ஸ் வருவினமோ?"

"மூண்டு கிழமைக்கு வர மாட்டினம்" என்றார் ஆலோசகர்.

"அப்ப நான் போறன்."

மூன்று கிழமை முடிய, கடைசி மூன்று நாளைக்குத் தாய் தகப்பன் போய்ச் சேர வேண்டும் என்று அதே பிரசுரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அதை அவள் வாசிக்கவில்லை. நான் வாசித்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஆனால் எனக்குப் பயம். இப்படிப்பட்ட இடங்களைப் பற்றி இணையத்தில் தேடிப் பார்த்திருந்தேன். வேறு எங்கேயோ, பிள்ளையைப் படுக்கையில் இருந்து இழுத்து, அழ அழ வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போன கதைகள். பசியோடு நடக்க வைத்த கதைகள். பெரியவர்களாகிய பிறகும் அந்தப் பிள்ளைகள் அதை மறக்க முடியாமல் எழுதியிருந்தார்கள். வாசித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திட்டத்தில் வழிகாட்டியாக இருந்த மேகன் என்ற பெண்ணுக்குப் போன் எடுத்தேன்.

"என்ரை பிள்ளை வரமாட்டன் எண்டு சொன்னால்?"

"வர மாட்டா" என்றாள் மேகன். "அவ்வளவுதான்."

"நடுவிலை திரும்பி வரவேணும் எண்டு சொன்னால்?"

"கூட்டிக்கொண்டு வந்து விடுவம்."

பத்திரத்தில் எங்கள் கையெழுத்து மட்டும் காணாது, ஷெரினுடைய கையெழுத்தும் வேண்டும் என்றாள். சனிக்கிழமைகளில் வீட்டுக்குப் போன் பண்ணலாம். எனக்கு அது போதும்.

முதல் சனிக்கிழமை அவள் நாற்பது செக்கன் கதைத்தாள். "நுளம்புக் கடி. சாப்பாடு ஓகே. பை." இரண்டாவது சனிக்கிழமை நான் வேலையில் நின்றேன். உருளைக்கிழங்கு மூட்டைகள் அடுக்கியிருக்கிற குளிர் அறைக்குள் போய்ப் போனை எடுத்தேன். கரடி எடுக்காமல் சாப்பாட்டுப் பையை மரத்தில் எப்படிக் கட்டித் தூக்குவது என்று அவள் எனக்கு விளங்கப்படுத்தினாள். எந்தக் கயிறு எந்தக் கொப்பில், எத்தனை அடி உயரம், என்ன முடிச்சு. ஆறு நிமிடம்! ஒரு வருடத்தில் அவள் என்னோடு தொடர்ந்து கதைத்த அதிக நேரம் அதுதான். எனக்கு முடிச்சு ஒன்றும் விளங்கவில்லை. "ஓம், ஓம், பிறகு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வெளியே வந்தபோது சந்தோஷத்தில் கண்ணும் மூக்கும் ஓடிக்கொண்டிருந்தன. மேலாளர் எனக்குத் தடிமன் என்று நினைத்து வீட்டுக்குப் போகச் சொன்னார்.

ஸ்கொலர்ஷிப்

ஊருக்கு என்ன சொல்வது? இவர் யோசிக்கவே இல்லை. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது யாரோ மகளைக் கேட்க, "அவவுக்கு ஸ்கொலர்ஷிப் கிடைச்சிருக்கு. சுற்றாடல் படிப்பு. காட்டுக்குள்ளை" என்றுவிட்டார். நான் பக்கத்தில் நின்று சிரித்துத் தலையாட்டினேன். பாதிரியாரிடம் சொல்ல வேண்டிய பாவ சங்கீர்த்தனத்துக்கு உடனடியாக ஒரு விஷயம் சேர்ந்தது.

மூன்றாம் நாள் றீற்றா அன்ரி போன் எடுத்தார். கோயிலில் எனக்கு முன் வரிசை வாங்கில் எப்போதும் இருப்பவர்.

"பிள்ளை ஜெசி, அந்த ஸ்கொலர்ஷிப் ஃபோம் எங்கை எடுக்கிறது? எங்கட கெவினுக்கும் காடு, மரம் எண்டால் நல்ல விருப்பம்."

கெவினை எனக்குச் சின்ன வயதில் இருந்து தெரியும். அவன் கார்ப்பெற்றை விட்டு இறங்கி நான் கண்டதில்லை.

"அது முடிஞ்சுது அன்ரி."

"அடுத்த வருஷம் வருமெல்லோ?"

"மாக்ஸ் பாக்கிறவை, அன்ரி."

"எவ்வளவு வேணும்?"

"தொண்ணூறு" என்றேன். ஷெரின் அந்த வருடம் எடுத்த எல்லாப் பாடத்து மாக்ஸையும் கூட்டினாலும் தொண்ணூறு வராது.

"கெவினுக்கு ஒரு பாடத்துக்குத் தொண்ணூறு இருக்கு பிள்ளை!"

எனக்கு இதற்கு மேல் ஏலவில்லை. மாடிப் படியில் இருந்துவிட்டேன். ஸ்கொலர்ஷிப் இல்லை, பஸ் கதை, கதவு, மேகன் என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். கொட்டி முடிய, அவர் வீட்டு அடுப்பில் தண்ணீர்க் கேத்தில் கூவுவது மட்டும் கேட்டது. யாரும் அதை நிறுத்தவில்லை.

பிறகு றீற்றா அன்ரி மெதுவாகச் சொன்னார்:

"கெவின் நாலு மாசமா அறையை விட்டு வெளியிலை வாறானில்லை, ஜெசி. சாப்பாட்டைக் கதவடியிலை வைச்சிட்டு வாறன். நான் உண்மையாவே அந்த ஃபோமைத்தான் கேட்டனான். காடெண்டு கேட்டவுடனை, ஏதோ ஒரு வழியிலை வெளியிலை கொண்டுபோகலாமே எண்டு..."

பிறகு யார் தொடங்கியது என்று தெரியாது, சிரிப்பு வந்துவிட்டது. வயிறு நோகச் சிரித்தோம். அவர் கேத்திலை நிறுத்தப் போய், திரும்பி வந்தும் சிரித்தார்.

"வெளியிலை ஸ்கொலர்ஷிப் எண்டே சொல்லுவம், என்ன?"

"ஓம் அன்ரி. தொண்ணூறு மாக்ஸ்."

கூடாரம்

போவதற்கு முதல் ஞாயிறு, இவர் வாங்கி வந்த கூடாரத்தைப் பின் வளவில் ஒத்திகை பார்த்தோம். நிமிர்த்துவதற்கு ஒன்றரை மணித்தியாலம். மடக்குவதற்கு வழியே தெரியவில்லை. ஒரு பக்கம் அமத்தினால் மறுபக்கம் எழும்பும். இவர் அதன் மேல் ஏறிப் படுத்தார். நான் காலைப் பிடித்தேன். பக்கத்து வீட்டு ஹசான், சிரியாக்காரர், வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றவர், கடைசியில் பொறுக்காமல் வந்தார். இரண்டு கம்பியை உருவினார், மூன்று தரம் மடித்தார், பையில் போட்டார். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

"உங்களுக்குக் காம்பிங் நல்லாத் தெரியும் போலை" என்றார் இவர், ஆங்கிலத்தில்.

"இரண்டு வருசம் கூடாரத்திலைதான் இருந்தனாங்கள். ஐந்து பேர்" என்று சிரித்தார் ஹசான். "உங்களுக்கு மூன்று நாள்தானே, நல்லா இருக்கும்."

அவர் போனபிறகு இவர் கூடாரப் பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் புல்லில் இருந்தார். "நாங்களும் ஒருக்கா இருந்தனாங்கள்தானே, இடம்பெயர்ந்த நேரம் பள்ளிக்கூட வளவுக்குள்ளை, தறப்பாளுக்குக் கீழை" என்றார். "ஆனா அப்ப ஒருத்தரும் எங்களுக்கு மடிக்கக் காட்டித் தரேல்லை."

அப்பா, மற்றப் பக்கம்!

ஏரிக்குத் திரும்பி வருகிறேன். நாங்கள் இன்னும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

நாலாவது வட்டம். கரையில் மேகனும், எங்களைப்போல வந்திருந்த மற்ற இரண்டு குடும்பங்களும். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குகிறார்கள் என்பது தூரத்தில் இருந்தே தெரிந்தது. இவருடைய கழுத்து சிவந்துவிட்டது. வெயிலாலும் ரோஷத்தாலும். இன்னும் உரமாக, இன்னும் அதே பக்கத்தில், தண்ணீரை அடித்தார். தோணி இன்னும் வேகமாகச் சுற்றியது.

அப்போது கரையில் ஷெரின் எழும்பினாள். இரண்டு கையையும் வாயில் குவித்தாள்.

"அப்பா! மற்றப் பக்கம்! மற்றப் பக்கத்தாலை வலியுங்கோ!"

அவருடைய துடுப்பு அந்தரத்தில் நின்றது.

இந்த மனிசன் என்ன செய்திருக்க வேண்டும்? துடுப்பை மற்றப் பக்கம் மாற்றியிருக்க வேண்டும். அவர் அப்படிச் செய்யவில்லை. மகள் "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டாள். கூப்பிட்ட பிள்ளைக்கு மறுமொழி சொல்ல வேண்டும் என்று, வீட்டில் கதிரையை விட்டு எழும்புகிற மாதிரி, தோணியில் எழும்பி நின்றார்.

"என்ன பிள்ளை?"

அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. அடுத்தது வானம், பிறகு தேநீர் நிறம், பிறகு மூக்கு நிறையத் தண்ணீர். செத்தேன் என்று நினைத்தேன். "யேசுவே" என்று கத்தினேன். லைஃப் ஜக்கெற் என்னைச் சோடாப் போத்தல் மூடி மாதிரி மேலே தள்ளியது. கையைக் காலை அடித்து நீந்தினேன். எவ்வளவு நேரம் நீந்தினேனோ தெரியாது. பக்கத்தில் இவர் அசையாமல் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெசி. எழும்பும். இடுப்பளவுதான்."

எழும்பினேன். இடுப்பளவுதான்.

கரையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று பயந்து திரும்பினேன். ஷெரின் மணலில் விழுந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலை உதைத்து உதைத்து. அவள் ஆறு வயதில் சிரித்த அதே சிரிப்பு. மேகன் சிரிப்பை அடக்குவதை விட்டாள், மற்ற இரண்டு குடும்பங்களும் விட்டன. இவரும் தொடங்கினார். நான் இடுப்பளவு தண்ணீரில், தலையில் ஏதோ இலை ஒட்டிக்கொண்டிருக்க, சிரித்துச் சிரித்துத் திரும்பவும் தண்ணீருக்குள் விழுந்தேன்.

நனைந்த கடுதாசி

பின்னேரம் எல்லாரும் வட்டமாக இருந்தோம். ஒவ்வொருவரும் வீட்டில் ஒருத்தருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இவர் இதற்கென்று இரண்டு கிழமையாக ஒரு கடுதாசியில் எழுதித் திருத்தி, சட்டைப் பையில் வைத்திருந்தார். எடுத்தார். அது களியாகக் கையில் வந்தது.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு அருகில் இருந்த கல்லில் வைத்தார்.

"கதவைக் கழட்டினது பிழை, பிள்ளை" என்றார். "எழுதினதிலை ஒரு பக்கம் நியாயம் சொல்லியிருந்தன். அது போகட்டும். அந்த ரெண்டு நாளும் உம்மைத் தேடித் திரிஞ்சது எனக்குப் பயமாப் போச்சு. அந்தப் பயத்திலை செய்தனான்."

ஷெரின் மணலில் ஒரு குச்சியால் கீறிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"கழட்டினது எனக்குக் கோபமில்லை, அப்பா. கழட்டின பிறகும் ஒருத்தரும் உள்ளுக்கு வரேல்லை. எல்லாரும் அவசரமா நடந்து போனீங்கள். பாக்காத மாதிரி."

உண்மை. திறந்து கிடந்த அந்த அறை வாசலைக் கடக்கும்போது நான் துவைத்த உடுப்புகளை முகத்துக்கு உயர்த்திக்கொண்டுதான் போனேன். உள்ளே பார்த்தால் ஏதாவது கதைக்க வேண்டி வரும் என்று.

இவர் எழும்பினார், வட்டத்தைச் சுற்றிப் போனார், அவளுக்குப் பக்கத்தில் மணலில் இருந்தார். ஈரக் காற்சட்டையோடு. ஷெரின் கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள்.

ஏரியைக் கடந்து

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லை. அந்தப் பனிக்காலத்தில் திரும்பவும் சில நாட்கள் அவளால் எழும்ப முடியவில்லை. ஆலோசகரிடம் நெடுங்காலம் போனோம், மூன்று பேருமாக. பள்ளிப் படிப்பை வளர்ந்தவர்களுக்கான வகுப்பில்தான் முடித்தாள். இவர் கத்துவதை முழுதாக விடவில்லை. ஆனால் கத்தத் தொடங்கினால் இப்போது வெளியே போய்ப் புல்லு வெட்டுவார். எங்கள் புல்லுத் தரை வெக்ஸ்போர்ட்டிலேயே நேர்த்தியானது. கெவின் அடுத்த வருடம் அதே ஏரிக்குப் போனான். எட்டு நாளில் திரும்பி வந்துவிட்டான். காடு அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அறைக்குள் திரும்பப் போகவும் இல்லை.

திரும்பவும் ஏரிக்கு. கடைசி நாள் காலை, கார்கள் நிற்கிற கரைக்கு ஏரியைக் கடந்து போக வேண்டும். முக்கால் மணித்தியால ஓட்டம். அதற்கு முதல் மேகன் எங்களிடம் சொல்லியிருந்தாள்: ஷெரினுக்கு இரண்டு வழி இருக்கிறது. வீட்டுக்கு வரலாம், அல்லது இளம் பிள்ளைகள் தங்குகிற ஒரு இல்லத்தில் நகரத்தில் மூன்று மாதம் இருக்கலாம். முடிவு அவளுடையது. எப்போது சொல்ல வேண்டும் என்பதும் அவளுடையது. நீங்கள் கேட்கக் கூடாது.

கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு பைகளை ஏற்றினேன்.

முன்னுக்கு இவர், நடுவில் பைகளுக்கு இடையில் நான், பின்னுக்கு ஷெரின். பின்னுக்கு இருப்பவர்தான் தோணிக்குத் தலைவர். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போகக் காற்று எழும்பியது. அலை தோணியின் பக்கத்தில் வந்து அறைந்தது. என் மடியில் தண்ணீர். எனக்குப் பயத்தில் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை.

"அம்மா, சிரிச்சு ஆட்டாதீங்கோ! ரெண்டு பேரும் முன்னுக்குப் பாருங்கோ. ஒருத்தரும் திரும்பக் கூடாது. திரும்பினா சரிஞ்சிடும்."

"ஓம்" என்றோம்.

வலது, இடது என்று அவள் சொல்லச் சொல்ல இவர் துடுப்பு வலித்தார். ஒருக்காலும் நான் கேட்டிராத குரல் அவளுக்கு. கட்டளை போடுகிற, அவசரப்படாத குரல். ஏரி நடுவில் அந்தக் குரல் கொஞ்சம் இறங்கியது.

"நான் ஒண்டு சொல்லப் போறன். திரும்பாதீங்கோ."

"இல்லை பிள்ளை, திரும்பேல்லை."

"ஏன் ஸ்கூலுக்குப் போகேல்லை எண்டு எல்லாரும் கேட்டனீங்கள். ஏன் பஸ்ஸிலை போனனான் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

அலைச் சத்தம்.

"பஸ்ஸிலை ஆக்கள் இருப்பினம். ஒருத்தரும் என்னைக் கவனிக்க மாட்டினம், ஆனா ஆக்கள் இருப்பினம். தனிய இருக்கிற நேரம் எனக்கு என்னைக் கண்டே பயமா இருந்தது. இருக்காமல் போனா என்ன எண்டு நினைப்பு வாற மாதிரி. பஸ்ஸுக்குள்ளை அப்பிடி வராது."

இவருடைய துடுப்பு தண்ணீருக்கு மேலே நின்றது. என் கை ஒரு பையின் பட்டியை இறுக்கிப் பிடித்திருந்தது. திரும்பி அவளைக் கட்டிப்பிடிக்க என் உடம்பு முழுக்கத் துடித்தது. திரும்பினால் மூன்று பேரும் ஏரிக்குள்.

"அப்பா, வலியுங்கோ. நிப்பாட்டினா காத்துத் தள்ளும்."

அவர் வலித்தார். தோள் இரண்டும் குலுங்கக் குலுங்க வலித்தார்.

"இப்பவும் பயமாயிருக்கோ, ராசாத்தி?" என்று நான் முன்னால் தெரிந்த மரங்களிடம் கேட்டேன்.

"இப்ப குறைவு. திரும்ப வந்தால் சொல்லுவன். நீங்கள் கத்தாட்டி."

"கத்த மாட்டன்" என்றார் இவர், ஏரியைப் பார்த்து.

"கொஞ்சம் கத்துவீங்கள். பரவாயில்லை." கொஞ்சம் பொறுத்து, "இடது, அப்பா. இடது. நான் வீட்டை வாறன்" என்றாள்.

இடது எங்கே முடிந்தது, வீடு எங்கே தொடங்கியது என்று எங்களுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு இவர் இடப் பக்கம் வலித்தார். இரண்டு பேரும் திரும்பாமல், நேராக முன்னுக்குப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எனக்குக் கண்ணால் வழிந்தது, துடைக்கக் கூட நான் கையைத் தூக்கவில்லை.

தோணி மணலில் போய் முட்டி நின்றது. அப்போதும் நாங்கள் அசையவில்லை.

"வந்திட்டுது" என்றாள் ஷெரின். "ஹலோ? இனித் திரும்பலாம்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். தோணி ஒரு பக்கம் சரிந்தது. பைகள் முதலில் போயின, அவற்றுக்குப் பின்னால் நாங்கள் மூன்று பேரும்.